வானம் டீச்சரும் சீஃபியஸ் காட்சியும்

எங்கள் கோளரங்கத்தில் காட்சிக்குக் குரல் கொடுப்பவரை எல்லோரும் வானம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை. பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள். என் கூண்டுக்குள்ளிருந்து நான் பார்த்ததையும், பிறகு டீச்சரே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அவருடைய கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். கைராசிக்காரர் என்று பெயர். ஒரு நாள் காலை, கருவிப் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, "நான் இனிமே வரமாட்டேன்" என்றார்.

டீச்சர் அப்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கணவருடைய சட்டைதான்.

"மதியத்துக்கா?"

"எதுக்குமே."

இன்னொரு வீட்டில் இன்னொருத்தி இருப்பதையும், அது நேற்று இன்று ஆரம்பித்ததில்லை என்பதையும் அவர் சுவரைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். டீச்சர் சட்டையின் மிச்சக் கையையும் தேய்த்து, மடித்து, நீட்டினார். கணவர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்த மாமியாருக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் எதுவுமே காதில் விழவில்லை.

அன்றைக்கு எல்லாக் காட்சிகளையும் டீச்சரே பேசினார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் கூண்டுக்கு வந்து, "எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு" என்றார்.

"எங்க, வேலை விஷயமா வெளியூரா?"

"இல்ல. போயிட்டாரு." அதே மூச்சில், "உன் டீ ஆறுது பாரு" என்று என் கோப்பையைக் காட்டினார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்து அழலாம் என்று எழுந்தேன். அவர் அழுகிற மாதிரி தெரியவில்லை. நான் மட்டும் அழுதால் நன்றாக இருக்காது என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் தன் அம்மாவை அழைத்துப் போக வந்தார். மாமியாருக்கு அவர் ஒரே பிள்ளை. மாமியார் வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாராம்.

"இவ சமையலுக்கு என் நாக்கு பழகவே ஏழு வருஷம் ஆச்சுடா. இன்னொருத்தி கையில மொதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்கு ஆயுசு இல்ல. நீ போ."

அவரும் போனார். மாமியார் கதவைச் சாத்தியபின் மகனை வாய் ஓயத் திட்டினார். திட்டித் திட்டித் தொண்டை கட்டியதும், மருமகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அழவும் மாட்டேங்கற, திட்டவும் மாட்டேங்கற. ரெண்டையும் நானே எத்தனை நாளைக்கும்மா பண்றது?"

"எனக்கு ஒண்ணும் தோணல அத்தை" என்றார் டீச்சர். அது உண்மைதான் என்று பின்னால் என்னிடமும் சொன்னார். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்ததாம். தொட்டால் தொடுவது தெரிகிறது, ஆனால் தன் கன்னம் என்று தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கோளரங்கத் தலைவர் புதுக் காட்சி ஒன்று போடலாம் என்றார். நாங்கள் அவரை மேடம் என்போம். கெட்டிக்காரர், நல்ல மனுஷி, ஆனால் அவருக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும். வடக்கு வானத்தில் சீஃபியஸ் என்று ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. ராஜாவின் பெயராம், ஆனால் கோடு போட்டு இணைத்தால் சின்னப் பிள்ளை வரைந்த வீடு மாதிரிதான் வரும், அதுவும் சாய்ந்த வீடு. அந்தப் பக்கத்து வானத்தில், கண்ணுக்கு எட்டாத ஆழத்தில், கனத்த இளம் நட்சத்திரங்கள் கும்பல் கும்பலாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி அவை பிறந்த வாயு மேகங்கள். நெபுலா என்கிறார்கள். இதுதான் புதுக் காட்சி. எழுதுவதும் பேசுவதும் டீச்சர் பொறுப்பு. படங்களும் கருவியும் புரொஜக்டர் அண்ணன் பொறுப்பு. அண்ணன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மிச்சப் பேச்சையெல்லாம் அந்த இயந்திரத்தோடு பேசுவார்.

டீச்சர் நன்றாகவே எழுதினார். நான் படித்துப் பார்த்தேன். சூரியனைவிடப் பல மடங்கு கனமான இந்த நட்சத்திரங்கள் பிறந்து சில பத்து லட்சம் வருஷங்கள்தான் ஆகின்றன, வானத்துக் கணக்கில் அது ஒன்றுமேயில்லை, எரிபொருளை வாரி இறைத்து எரிப்பதால் ஆயுசும் குறைவு என்று எழுதியிருந்தார். கிட்டத்தட்ட மூவாயிரம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒரு பெரிய மேகத்தைப் பற்றியும் இருந்தது. நடுவில் இருக்கும் ஓர் இளம் நட்சத்திரக் குடும்பத்தின் சூட்டில் மேகம் முழுவதும் சிவப்பாக ஒளிர்கிறது. அதன் ஓரத்தில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கறுப்புத் தூண் நீண்டிருக்கிறது. அதற்குள்ளேயும் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. ஒன்றாகப் பிறந்தாலும் இந்தக் கும்பல்கள் சேர்ந்தே இருப்பதில்லை. ஒன்றையொன்று இழுத்து வைத்துக்கொள்ளும் பலம் போதாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து வானத்தில் எங்கெங்கோ போய்விடும். சில நட்சத்திரங்கள் அந்தப் பொறுமையும் இல்லாமல், கூட்டத்தை விட்டுத் தெறித்தே ஓடிவிடும். அப்படி ஓடிய ஒன்று சீஃபியஸிலேயே இருக்கிறது.

ஒத்திகையைப் பார்க்க நானும் மேடமும் உட்கார்ந்திருந்தோம். அந்த ஓடிப்போன நட்சத்திரத்தின் படம் வரவில்லை. கூரையில் வெறும் இருட்டு.

"அண்ணே, அந்தப் படம் எங்க?"

புரொஜக்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அது... சரியா வரலம்மா."

"நேத்து பார்த்தேனே, நல்லாத்தானே இருந்துச்சு."

"வேணாம்னு நெனச்சேன்."

அவர் எதற்காக எடுத்தார் என்று டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும் மேடத்துக்கும்கூடப் புரிந்தது. நாங்கள் எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தோம்.

"அது நட்சத்திரம்ணே" என்றார் டீச்சர். "போடுங்க."

படம் வந்தது. டீச்சர் அதற்குரிய வரிகளைப் படித்தார். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. மேடம்தான் திருப்தியில்லாமல் நாற்காலியில் நெளிந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. குரல்தான்... கொஞ்சம் உயிர் கொடுங்களேன்."

"எந்த இடத்துல மேடம்?"

மேடம் கொஞ்சம் யோசித்தார். "எல்லா இடத்துலயும்" என்றார்.

அந்த ஒத்திகையைப் பதிவு செய்து வைத்தார்கள்.

காட்சி தொடங்கிய முதல் வாரம் நல்ல கூட்டம். நானும் டிக்கெட் முடிந்ததும் பின் வரிசையில் போய் உட்கார்ந்தேன். சிவப்பு மேகம் கூரை முழுக்க விரிந்தபோது ஜனங்கள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. கறுப்புத் துதிக்கை மெல்ல நகர்ந்து தலைக்கு மேல் வந்தது. "இந்தத் தூணுக்குள்ளே இப்போதும்..." என்று டீச்சர் ஆரம்பித்தார். அதோடு நின்றுவிட்டார்.

இசை போய்க்கொண்டிருந்தது. மேகம் நகர்ந்தது. பேச்சு வரவில்லை. முதலில் அதையும் காட்சியின் ஒரு பகுதி என்றுதான் ஜனங்கள் நினைத்திருப்பார்கள். பிறகு இருமல்கள் கேட்டன, நாற்காலிகள் கிறீச்சிட்டன, யாரோ கைப்பேசியை எடுத்தார்கள். அண்ணன் வானத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பிறகு எதிர்ப்பக்கம் சுற்றினார். கடைசியில் டீச்சர் சாதாரணக் குரலில், "அவ்வளவுதான். வெளிச்சம் வந்ததும் மெதுவா எழுந்து போங்க" என்றார்.

மேடம் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை.

"கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கறீங்களா?"

"லீவு எடுத்து என்ன மேடம் பண்ணுவேன்?"

அந்த வரியில் அப்படி என்ன இருந்தது, மனசு எங்கே போனது என்று நான் பின்னால் கேட்டேன். எங்கேயும் போகவில்லை என்றார் டீச்சர். அடுத்த வார்த்தை தெரிந்தே இருந்ததாம். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் மட்டும் இல்லாமல் போய்விட்டதாம்.

மறுநாளிலிருந்து சீஃபியஸ் காட்சிக்கு ஒத்திகைப் பதிவை ஓட்டினார்கள். டீச்சரை என் கூண்டில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒருவர் உட்காரவே இடிக்கிற கூண்டு அது. நான் டிக்கெட்டை நீட்டினால் அவர் முழங்கை என் விலாவில் படும். கோள்களைப் பற்றியெல்லாம் அழகாகப் பேசுகிறவர், "பெரியவங்க எத்தனை பேர், சின்னவங்க எத்தனை பேர்" என்பதை மட்டும் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் வீட்டுப் பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. மாமியார்தான் மகனுக்குப் போன் போட்டாராம். "பிள்ளையா வர வேண்டாம். மெக்கானிக்கா வா."

அவரும் கருவிப் பையோடு வந்தார். மாமியார் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிரிட்ஜை நகர்த்தி, பின்பக்கம் குனிந்து, கணவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். டீச்சரும் பழக்கதோஷத்தில் பையிலிருந்து டார்ச்சை எடுத்து வெளிச்சம் பிடித்தார். இத்தனை வருஷம் அப்படித்தான் பிடித்திருக்கிறார். வெளிச்சத்தில் கணவரின் உச்சியில் முடி கொட்டியிருப்பது தெரிந்தது. கழுத்தில் புதுச் சோப்பு வாசனை. இதையெல்லாம் பார்த்தும் நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று காத்திருந்தாராம். கை வலித்தது, அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் கணவர் தரையிலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"ஏதாவது சொல்லேன்" என்றார்.

டீச்சர் பிரிட்ஜைக் கூர்ந்து கவனித்தார். "சத்தம் நின்னுடுச்சு" என்றார்.

"அதில்ல... என்னைப் பத்தி. நாலு வார்த்தை திட்டு. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"அதை அத்தைகிட்ட வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு டார்ச்சை அணைத்தார். அந்த டார்ச் கணவருடையது. அவர் அதை மறந்து விட்டுவிட்டுப் போனார். மாமியார் அதை மாடியிலிருந்து அவர் தலைக்குக் குறி பார்த்து வீசினார். படவில்லை. ரொம்ப நாள் அந்த வருத்தம் மாமியாருக்கு இருந்தது.

அப்புறம் ஒரு புதன்கிழமை, கூட்டமே இல்லாத மத்தியானம், மாமியார் கோளரங்க வாசலில் வந்து நின்றார். மருமகள் இத்தனை வருஷம் வேலை பார்த்த இடத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறார். மூட்டு வலி, பேருந்தில் ஏற முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்.

"என்ன அத்தை, என்னாச்சு?" என்று டீச்சர் பதறாமல் கேட்டார்.

"ஒண்ணும் ஆகல. ஒரு டிக்கெட் கொடு."

"உங்களுக்கு எதுக்கு டிக்கெட்? சும்மா உள்ள போங்க."

"கொடுன்னா கொடு."

சீஃபியஸ் காட்சிதான் ஓடியது. முடிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார் மாமியார். நேராகக் கூண்டுக்கு வந்து, கம்பி வழியாக மருமகளைப் பார்த்தார்.

"உன் குரல்தானே அது?"

"ஆமா."

"வீட்ல வாயே திறக்க மாட்டேங்கற. இங்க வந்து காசு கொடுத்துக் கேக்க வேண்டியிருக்கு."

நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் கூண்டின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், மாமியாரின் கையைப் பிடித்துப் படிக்கட்டில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புரிஞ்சுதா அத்தை?"

"துதிக்கை புரிஞ்சுது. பாதியில தூங்கிட்டேன். உள்ள நல்ல குளிர்ச்சி."

"எந்த இடத்துல தூங்கினீங்க?"

"ஏதோ கலைஞ்சு போயிடும்னு சொன்னியே, அதுக்கப்புறம்."

டீச்சர் மீதியைச் சொன்னார். ஓடிப்போன நட்சத்திரத்தையும் விடவில்லை. மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். "அது எங்கேயாவது போய்த் தொலையட்டும். மிச்சமெல்லாம் என்னாகும்?" என்று மட்டும் கேட்டார். மிச்சமும் கொஞ்ச காலம் எரிந்து, பலவும் வெடித்துவிடும் என்று டீச்சர் சொன்னார். "நல்லா இருக்கு உன் காட்சி" என்றார் மாமியார். பாராட்டா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவர்கள் கொஞ்சம் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, மாமியார் எதையாவது கேட்பார், டீச்சர் ஒரு வார்த்தைக்குப் பதில் இரண்டு வார்த்தை சொல்வார்.

ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் வீட்டுக்குப் பேருந்தில் போனோம். ஜன்னலோர இருக்கையில் ஓர் ஆள், பக்கத்து இருக்கையில் அவருடைய பை. டீச்சர் ஒரு முறை கேட்டார், இரண்டாம் முறை கேட்டார். அந்த ஆள் காதிலேயே வாங்கவில்லை.

"பையை எடுய்யா!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. டீச்சரின் முகம் சிவந்து, உதடு துடித்தது. "பைக்கு எதுக்குய்யா சீட்டு? நிக்கறவங்க மனுஷங்களாத் தெரியலயா உனக்கு? சொல்லாம கொள்ளாம பரப்பி வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்து, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை நிறுத்தாமல் பேசினார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. அந்த ஆள் பையோடு எழுந்து இறங்கியே போய்விட்டார்.

இரண்டு இருக்கையும் எங்களுக்குக் கிடைத்தன. டீச்சர் உட்கார்ந்தார்.

"ரொம்ப சத்தம் போட்டுட்டேனா?" என்று கேட்டார்.

"டிரைவர் பிரேக் போட்டுடுவாரோன்னு பயந்துட்டேன்."

அதன்பின் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதாரா என்று தெரியாது. நான் பார்க்கவில்லை.

விவாகரத்து அந்த வருஷக் கடைசியில் முடிந்தது. இரண்டு பக்கமும் சண்டையில்லை. மாமியார் டீச்சரோடுதான் இருக்கிறார். ஒரு மூட்டுக்கு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இன்னொன்றுக்கு மாட்டேன் என்கிறார். டீச்சர் பழையபடி மைக்குக்குப் போய்விட்டார். சீஃபியஸ் காட்சியை மறுபடி நேரில் பேசுகிறார். மேடம் கேட்ட உயிர் வந்துவிட்டதா என்றால், சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் டீச்சர் வார்த்தைகளை வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, விளக்கைப் போடச் சொல்கிறார். ஜனங்கள் அன்றைக்கும், அண்ணாந்து பார்த்து வலிக்கிற கழுத்தைத் தடவிக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள்.