குறையாத சத்தம்

போர்க்காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு அறைதான் என் ஸ்டூடியோ. புதிய டிஜிட்டல் ஸ்பீக்கர்களை கம்ப்யூட்டர் ஒலியை வெளியே அனுப்பும் ஓடியோ இன்டர்பேஸ் பெட்டியில் இணைத்த அன்றே கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் வண்டியில் கொண்டுபோகப்பட்ட மகனின் குரல் பதிந்த கசெட்டில் இரைச்சலை நீக்கித் தரச் சொன்னார்.

ஓடவிட்டதும் அவன் குரல் அறையையே அதிரவைத்தது. கீழே இராணுவச் சோதனைச்சாவடி; தமிழ்க் குரல் கேட்டால் ஏறி வந்துவிடுவார்கள். பதறிப்போய் இன்டர்பேஸின் குமிழைத் திருகினேன், சத்தம் குறையவில்லை. டிஜிட்டல் வயரில் போகும் ஒலிக்கு அந்தக் குமிழ் வேலை செய்யாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. வயரையே பிடுங்கினேன்.

“ஏன் தம்பி நிப்பாட்டினீங்கள்?” என்றார். “பஸ்ஸில தமிழ் வெளிய கேக்கும், மெல்லமாக் கதை எண்டு நான்தான் அவனை அதட்டுறனான். ஒருக்காச் சத்தமா விடுங்கோ.”

ஹெட்போனை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் வாயைக் கடைசியாக அடைத்தவன் நான்தான்.