சின்னய்யாவை ப்ரோ என்று கூப்பிட்டது

ப்ரோ என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் கெட்டுப்போச்சாம். கெட்டால் கெடட்டும். எனக்கு அந்தச் சொல் வேண்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பையன்களும் காலேஜ் பெண்களும், நான் பொண்ணு என்று பார்க்காமல், என்னை ப்ரோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். விலையைக் குறைக்கச் சொல்லும்போது அது இழுத்து இழுத்து வரும். மாற்றிக் கொடுத்த டிஸ்ப்ளே மறுபடி போய்விட்டால் அதே ப்ரோவில் அடிக்க வருகிற சூடு இருக்கும். பேர் தெரியாதவருக்கு நன்றி சொல்லவும் அதுதான். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று அந்தச் சொல் விசாரிப்பதில்லை. எங்கள் ஊரில் மற்ற எல்லாச் சொல்லும் விசாரிக்கும்.

ரிஷிவந்தியம் பக்கம் எங்கள் ஊர். சொந்த நிலம் கிடையாது. ஒரு பெரிய வீட்டு நிலத்தை அப்பா குத்தகைக்கு உழுதார். எழுத்து எதுவும் இல்லை. ஆடி மாதம் அவர்கள் வெற்றிலை பாக்குக் கொடுத்தால் அந்த வருஷம் நிலம் நமக்கு. கொடுக்காவிட்டால் கூலிக்குப் போக வேண்டியதுதான். அந்த வெற்றிலையையும் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆம்பளை துண்டை விரிக்கணும், பொம்பளை முந்தானையை ஏந்தணும், மேலேயிருந்து போடுவார்கள். விரல் பட்டுவிடக் கூடாதாம். பட்டால் என்ன, உதிர்ந்தா போய்விடும்?

அந்த வீட்டுப் பையனும் நானும் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. அங்கே அவனுக்கு நான் ப்ரோ, எனக்கு அவன் ப்ரோ. என் டிபன் பாக்ஸில் கைவிட்டுப் புளிச்சோறு தின்றிருக்கிறான். பஸ் ஊருக்குள் நுழைந்ததும் அவன் சின்னய்யா ஆகிவிடுவான். நானும் வாயை மூடிக்கொள்வேன்.

போன ஆடியில் அப்பாவுக்குக் காலில் முள் குத்திச் சீழ் கோத்து எழுந்திருக்க முடியவில்லை. வெற்றிலை வாங்க அம்மாவோடு நான் போனேன். அவன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலைத் தட்டை மகன் கையில் கொடுத்து, இனிமேல் நீதான் என்றார். அவன் என் அம்மாவைப் பார்த்து, "இன்னா, உன் புருசன் வர்ல?" என்றான். அவனைப் பெற்றவளைவிட மூத்தவள் என் அம்மா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ப்ரோ, எங்கம்மாவ வாங்க போங்கன்னு பேசுங்க" என்றேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. பெரியவர் மகனிடம், "இன்னாடா சொல்லுது அது?" என்று கேட்டார். அது என்பது நான்தான். பிறகு அம்மாவிடம், உன் பொண்ணு சின்னய்யான்னு ஒருவாட்டி சொல்லட்டும், வெற்றிலை விழும் என்றார். அம்மா ஏற்கெனவே முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள். நிலம் போனால் வீட்டில் என்ன ஆகும் என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். அம்மாவுக்காகச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். வலது கையை நீட்டினாள்.

"கைல குடு ப்ரோ."

அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். பெரியவர் தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நிலம் போயிற்று.

இப்போது அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறார்கள். கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யார் வாசலிலும் முந்தானை ஏந்துவதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது, அந்த வார்த்தைக்கு என்னடி அர்த்தம் என்று அம்மா கேட்டாள். கூடப் பிறந்தவன் என்று அர்த்தம் என்றேன். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவனுக்கு அது ஜாஸ்தி" என்றாள்.