ஆறு மாதமும் ஒன்பது நாளும்

பக்ருன்னிசா அக்கா ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் நாலு வீட்டுக்குப் போவார். அரசின் காசநோய்த் திட்டத்தில், நோயாளிகள் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. திண்டுக்கல் பேகம்பூர்ச் சந்துகளில் அவருக்கு ‘டிபி அக்கா’ என்று பெயர். அவர் நேராக ஒரு வாசலில் போய் நின்றால் அந்த வீட்டைத் தெரு ஒதுக்கிவிடும். அதனால் முதல் வீட்டில் குழந்தைக்கு எடை பார்ப்பார். அடுத்த வீட்டில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்பார். மூன்றாம் வீடுதான் வந்த வேலை. நாலாம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்புவார்.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு வீட்டில் உட்காரப் பொறுமையில்லை. அதனால் அவரோடு நடக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் சௌகத் அலியின் வீட்டுக்கும் போனேன்.

சௌகத் அலிக்கு ஐம்பத்தெட்டு வயது. தோல் பதனிடும் ஷாப்பில் உப்புப் போட்ட ஆட்டுத்தோலை உதறி அடுக்குகிற வேலை. மார்கழியில் சளியில் கிருமி இருப்பது தெரிந்து, ஆறு மாத மாத்திரை தொடங்கியிருந்தார்கள். இருமும்போது காற்றில் பரவுகிற நோய் என்பதால் வீட்டில் எல்லோரையும் சோதித்தார் அக்கா. தாத்தாவை ஒட்டியே படுக்கும் நாலு வயதுப் பேத்தி ஃபர்ஹீனுக்கு, நோய் வராமல் தடுக்கிற மாத்திரையையும் வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டு மாதத்தில் சௌகத் அலியின் இருமல் நின்றது. சளியிலும் கிருமி தெரியவில்லை.

“இப்பத்தான் நாம உஷாரா இருக்கணும்,” என்றார் அக்கா என்னிடம். “கிருமி படுத்துக்கிச்சு, சாகல. இந்த நேரத்துல மாத்திரையை விட்டா, மருந்துக்கு மசியாத கிருமியா எந்திரிக்கும். அப்பறம் அவருக்கும் கஷ்டம், அந்தப் பிள்ளைக்கும் கஷ்டம்.”

நோன்பு மாதம் பிறந்து பத்தாம் நாள் நாங்கள் போனபோது, சௌகத் அலி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

“நல்லாருக்கேன் தங்கச்சி. ஒரு கொறையும் இல்ல.”

“அண்ணே, மூத்திரம் என்ன நெறத்துல போகுது?”

“ஏம்மா, நோன்பு நேரத்துல கேக்குற கேள்வியா இது?” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி காதர் பீவி சத்தம் போட்டார்.

“முந்தி ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போயி பயந்தே போனேன்ல?” என்றார் சௌகத் அலி பெருமையாக. “இப்பத் தெளிவா, தண்ணி மாதிரிப் போகுது. எல்லாம் சரியாயிருச்சு.”

அக்காவின் முகம் மாறிவிட்டது. அந்த மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் செம்மஞ்சளாகத்தான் போகும். தண்ணீர் மாதிரிப் போகிறதென்றால் மாத்திரை உள்ளே போகவில்லை.

“எத்தன நாளா போடலண்ணே?”

அவர் ஒளிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். ஒன்பது நாள் மாத்திரையும் அட்டையோடு, நாள்வாரியாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தது.

“வெறும் வயித்துல போடச் சொன்னாக. விடியுமுன்ன எந்திரிச்சு சஹர் சாப்ட்டப்பறம் ஏது வெறும் வயிறு? ஒண்ணையும் தூக்கிப் போடலம்மா. பெருநாள் கழிஞ்சதும் களா செஞ்சிருவேன். ஒரு நாளைக்கு ரெண்டு ரெண்டாப் போட்டா கணக்கு நேராயிரும்ல?”

விட்டுப்போன நோன்பைப் பின்னொரு நாளில் நோற்று ஈடுசெய்வதற்குக் களா என்று பெயர். வாழ்நாளெல்லாம் ஒரு நோன்பைக்கூடக் கடனாக வைக்காத மனிதர், மாத்திரையையும் அதே நேர்மையோடு எடுத்து வைத்திருக்கிறார். அக்கா திட்டுவார் என்று நினைத்தேன்.

“நோன்புக்குக் களா உண்டுண்ணே. கிருமிக்கு ஏது?” என்று மட்டும் சொன்னார். “சட்டையப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

டாக்டரம்மா சளியை மறுபடி சோதிக்க அனுப்பினார். கிருமி இல்லை. இரண்டு இரண்டாகப் போட்டால் கல்லீரல்தான் கெடும், விட்ட ஒன்பது நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நாற்பத்து நாலு கிலோதான் இருக்கிறீர்கள், நோன்பு வேண்டாம் என்றும் சொன்னார். சௌகத் அலி தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா மெதுவாகக் கேட்டார். “நோயாளிக்கு அல்லாவே விட்டுக் குடுத்திருக்கான். ஒங்களுக்குத் தெரியாததாண்ணே?”

“தெரியும்மா. ஷாப்புல நம்மாளுக அம்புட்டுப் பேரும் நோன்பு வைக்கையில நான் மட்டும் தண்ணி குடிச்சா, என்ன ஏதுன்னு நோண்டுவானுக. டிபின்னு தெரிஞ்சா எவன் பக்கத்துல நிப்பான்?”

அக்கா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். சஹருக்கு எழுந்ததும் முதலில் மாத்திரை, அரைமணி நேரம் கழித்துச் சாப்பாடு. வாரா வாரம் எடை. ஒரு கிலோ குறைந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். சௌகத் அலி நெஞ்சில் கைவைத்துச் சரி என்றார்.

அன்றிலிருந்து தினமும் அதிகாலையில், தன் வீட்டுச் சஹர் அடுப்பைப் பற்றவைத்த கையோடு அக்கா அவருக்குப் போன் போட்டார். “காதுல வச்சுக்கிட்டே முழுங்குங்கண்ணே. தண்ணி எறங்குற சத்தம் எனக்குக் கேக்கணும்.”

“ஊருக்கே சஹருக்கு எழுப்பி விடுவாக. எனக்குன்னு தனியா ஒரு ஆளு வச்சிருக்கேன் பாரு,” என்று காதர் பீவியிடம் சொல்வாராம்.

இரண்டாம் வாரம் தராசு முள் நாற்பத்து ரெண்டரையில் நின்றது. சௌகத் அலி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாக்கு வாக்குதான் தங்கச்சி,” என்றார்.

மறுநாள் மதியம் தோல் ஷாப்பில் நடந்ததை அவர்தான் பிறகு எங்களுக்குச் சொன்னார். தண்ணீர்க் குடத்தில் மொண்டு குடித்தபோது, கூட வேலை பார்க்கும் ராமர் கேட்டிருக்கிறார். “என்ன பாய், நோன்பு இல்லையா? மேலுக்கு முடியலையா?”

“டிபிப்பா. நாலாவது மாசம் மாத்திரை ஓடுது. இப்ப பரவாது. பரவும்னு பயமாருந்தா தள்ளி நின்னுக்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

ராமர் தள்ளி நிற்கவில்லையாம்.

சௌகத் அலி ஆறு மாதம் முடித்தார். விட்ட ஒன்பது நாளையும், ஒரு நாள் கூடாமல் குறையாமல் முடித்தார். கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று தாள் வந்த அன்று, அதை அவரிடம் படித்துக் காட்ட அக்கா தெருவுக்குள் நுழைந்தார். எதிரே சௌகத் அலியே வந்தார். நாற்பத்தொன்பது கிலோ, நடையில் தெம்பு. பின்னால், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ராமர்.

அக்கா தாளை நீட்டினார். “முழுசாக் கொணமாயிருச்சுண்ணே.”

அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, சந்தில் நின்றிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “தங்கச்சி, இவன மொதல்ல பாருங்க. மூணு வாரமா இருமுறான். கேட்டா பீடி இருமல்ங்கிறான்.”

அக்கா பையிலிருந்து சளி எடுக்கும் டப்பாவை எடுத்தார். “காலைல எந்திரிச்சதும் வாயக் கொப்புளிச்சிட்டு, நல்லா மூச்சிழுத்து, அடியிலருந்து இருமி எடுங்கண்ணே. வெறும் எச்சியா இருந்துறக் கூடாது.”

ராமர் விழித்தார்.

“பயப்படாதடா,” என்றார் சௌகத் அலி. “ஆறு மணிக்கு ஒன் வீட்டு வாசல்ல நிப்பேன். எச்சியத் துப்பி ஏமாத்துனா, திரும்பத் திரும்ப இரும வைப்பேன்.”