விசில் எண்ணும் போன்

போன ஞாயிறு மதியம் எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: என் மனைவி எஸ்தர். அரக்கோணத்திலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் தாஸ். நான். அலமாரியில் சாய்த்து வைத்த ஒரு பழைய போன். அடுப்பில் குக்கர்.

போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷம் முன்பு ஒரு காய்ச்சல். எஸ்தருக்குக் காது போய்விட்டது. பேசுவாள். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆனால் குக்கருக்கு ஏது உதடு?

முன்னறையில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றுகிறவள். ஒருநாள் உள்ளே குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்தது தெரியவில்லை. தண்ணீர் வற்றி, வால்வு பிய்த்துக்கொண்டு, பருப்பு ஓட்டில் போய் ஒட்டிக்கொண்டது. நான் வேலைக்குப் போயிருந்தேன்.

பகலில் ஆளில்லாத வீட்டில் இவளை நெருப்போடு விட முடியாது, வந்து கூட்டிப் போகிறேன் என்று தாஸ் சொல்லிவிட்டார். எஸ்தர் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"என்னை அண்ணன் வீட்டுல விருந்தாளி ஆக்கிடாத."

நான் ஒன்பதாவது வரை படித்தவன். செல்போன் ரிப்பேர் கடையில் இருந்து, வீடியோ பார்த்து கோடிங் கற்று, இப்போது ஒரு சின்ன கம்பெனியில் வேலை. லீவு நாளில் சொந்தமாக ஏதாவது ஆப் செய்வேன். வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும் — எதுவும் உருப்பட்டதில்லை.

இந்தத் தடவை விசில் எண்ணும் ஆப். போன் கேட்கும். ஒவ்வொரு விசிலுக்கும் எஸ்தர் கையில் கட்டிய வாட்ச் அதிரும். நம்பர் காட்டும். மூன்று வந்தால் எழுந்து போய் அடுப்பை அணைக்கலாம்.

தெருவில் தறிச் சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்தால் தொல்லை இல்லை. தறி தட்டும், விசில் கத்தும். போனுக்கு வித்தியாசம் தெரிந்தது. தெரியாதது வேறு...

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வரிசை முழுக்க ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா குக்கர் வைத்தால் எங்கள் அடுப்பங்கரையில் கேட்கும். போன் அதையும் சேர்த்து எண்ணியது. எஸ்தர் அரிசியைப் பாதியில் இறக்கினாள். ஒரு வாரம் நறுக்கு நறுக்கென்று சோறு தின்றோம். அவள் முகம் சுண்டிப் போனது. மும்தாஜ் அக்காவிடம் சொல்லிப் புலம்பினாள்.

நானும் எதை எதையோ மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ஏதோ இரண்டு வரி மாற்றினேன். புதன்கிழமையிலிருந்து ஒரு தப்பு இல்லை. தினமும் மூன்று என்றால் மூன்று. பதமான சோறு.

"நீ செஞ்சதுலயே இது ஒண்ணுதான் சோறு போடுது" என்றாள் எஸ்தர். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

கோடிங் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஓடவில்லையென்றால் போன் சரியில்லை. ஓடிவிட்டால்? நாம்தான் காரணம். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. ஸ்டார்ட்அப் ஆசை வந்தது. ஏனாத்தூரில் ஒரு காலேஜ் சாரிடம் காட்டினேன். தன் அபார்ட்மெண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கூப்பிட்டார். ஒரு குக்கருக்குப் பதினொன்று எண்ணுகிறதாம். உங்கள் வீட்டில் மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மறுநாள்தான் தாஸ் வந்தார். பையோடு. எஸ்தரின் துணிக்கு இன்னொரு காலிப் பை.

இப்போது புரிகிறதா, ஏன் எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோமென்று?

ஒன்று. இரண்டு. தாஸ் அடுப்புப் பக்கம் கையை நீட்டினார். எஸ்தர் பார்த்துவிட்டாள்.

"தள்ளி நில்லுண்ணா. இன்னும் ஒண்ணு கீது."

மூன்று. அணைத்தாள். ஆறவிட்டுத் திறந்தாள். தாஸ் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"இங்கயே இருக்கட்டும் மாப்ள."

அவர் கை கழுவத் தண்ணீர் எடுக்கப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனேன். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், உச்சி வெயிலில், மும்தாஜ் அக்கா. தலையில் முக்காடு. செங்கல் மேல் கேஸ் அடுப்பு. அதன் மேல் குக்கர்.

ஏன் வெளியில் சமைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள வெச்சா உன் போனு எங்கூட்டு விசிலையும் எண்ணிக்கினு கீதே தம்பி. வெளிய வெச்சா அதுக்குக் கேக்கல."

எப்போதிருந்து என்றேன். புதன்கிழமையிலிருந்தாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உனக்குச் சொன்னா அவளுக்குத் தெரிஞ்சிடும். அப்பறம் அடுப்புப் பக்கமே போவ மாட்டா." அக்கா குரலைத் தணித்தாள். "என்னை மட்டும் கேக்கறியே. எட்டிப் பாரு."

துவைக்கிற கல் மேல் ஏறி நின்றேன். வரிசையாகத் தோட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை, கறி வெந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் வெயிலில் அடுப்பு, மேலே குக்கர். பக்கத்தில் ஆள். அக்கா வீட்டோடு சேர்த்து இடப்பக்கம் மூன்று வீடு. வலப்பக்கம் இரண்டு.

ஐந்து.