மூன்று மணிக்கு அழுகிற மருமகள்

எங்கள் தெருவே என்மேல் உயிரை வைத்திருக்கிறது என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு மதினி தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தால் எனக்கு ஒரு தூக்குவாளி வந்துவிடும். எதிர்வீட்டுப் பெரியம்மை பூ கொடுக்கும்போது என் தலையையும் சேர்த்துத் தடவுவார். குழாயடியில் என் குடத்துக்கு எல்லாரும் வழிவிடுவார்கள். விக்கிரமசிங்கபுரத்துக்கு வாக்கப்பட்டு வருகிற எல்லா மருமகள்களுக்கும் இந்த உபசாரம் உண்டு போல என்று நினைத்து, கூச்சமே இல்லாமல் தின்றேன்.

எல்லாம் அந்த மவுத்தார்கன் செய்த வேலை. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கியது அது, பத்து ஓட்டை. ஒரு வாரம் ஊதிப் பார்த்துவிட்டு, "இதுல எச்சிதான் வருது, பாட்டு வரல" என்று என்னிடம் தள்ளிவிட்டு மில்லுக்கு ஷிப்டு பார்க்கப் போய்விட்டார். நான் அப்படி லேசில் விடுகிற ஆள் இல்லை. செல்போனில் ப்ளூஸ் சொல்லிக்கொடுக்கிற ஒரு வெள்ளைக்காரத் தாடிக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

ஊதுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ப்ளூஸில் வித்தையெல்லாம் மூச்சை உள்ளே இழுப்பதில்தான். நாலாம் ஓட்டையில் காற்றை இழுத்தால் ஒரு சுரம் நேராக வரும். இழுத்துக்கொண்டே நாக்கைப் பின்னால் கொண்டுபோய்த் தாடையை இறக்கினால் அதே சுரம் வழுக்கிக்கொண்டு கீழே வளையும். வாய்க்குள் 'ஈ' என்று தொடங்கி 'ஊ' என்று முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் தாடிக்காரர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்! எனக்கு முதலில் வந்ததெல்லாம் வெறும் காற்று. பிறகு ஒரு நாள், நான் எதிர்பார்க்காத நேரத்தில், சுரம் வளைந்தது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! நெஞ்சடைத்து விம்முகிற மாதிரி ஒரு சத்தம், என் வாயிலிருந்து.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டாம் ஓட்டையில் இழுத்துத் தொடங்கி, மூன்றை வளைத்து, நாலுக்கு ஏறி, ஆறுவரை போய்த் திரும்ப வேண்டும். இதில் மூன்றாம் ஓட்டை இருக்கிறதே, அது சரியான சண்டைக்காரி. கொஞ்சமாக வளைத்தால் முறைக்கும், கூடுதலாக வளைத்தால் பக்கத்துச் சுரத்தில் போய் விழும். மத்தியானம் மூன்று மணிக்குப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு மல்லுக்கட்டுவேன். திறந்து வைத்து வாசிக்க எனக்கு வெட்கம். ஆனால் எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் பொது. சாத்திய கதவும் வெட்கமும் அந்தச் சுவருக்குத் தெரியுமா?

கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே மருமகள் விம்முகிறாள். வீட்டில் மாமியாரைத் தவிர வேறு யாரும் இல்லை. தெரு கணக்குப் போட்டு விடையும் எழுதிவிட்டது. அடுத்த வீட்டு மாமியார் மருமகள் விவகாரத்தில் வாயைத் திறந்து எதையும் கேட்பது இங்கே மரியாதை இல்லை. மருமகளுக்குச் சொதி கொடுக்கலாம், அதில் தப்பில்லை.

இது இப்படியே போயிருக்கும், என் கொழுந்தனுக்குப் பெண் அமையாமல் இருந்திருந்தால். பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் அவர். தலையில் முடி குறைய ஆரம்பித்துவிட்டது. அரசாங்க வேலை இல்லை என்றே பல இடம் தட்டிப்போயிற்று. கடைசியில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பெண் சரி என்றாள். ஜாதகம் பொருந்தியது. மனுஷர் செல்போனும் கையுமாகச் சுவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளை தெருவில் சத்தமில்லாமல் வந்து விசாரிப்பார்கள். மாப்பிள்ளை குடிப்பானா என்பதெல்லாம் அப்புறம். மாமியாக்காரி எப்படி என்பதுதான் முதல் கேள்வி. அப்படி வந்து போன அடுத்த நாள் தரகர் அண்ணாச்சி போன் செய்தார்.

"அவிய யோசிக்கணும்னு சொல்லுதாவ. ஒங்க மூத்த மருமவ தெனமும் மூணு மணிக்குக் கதவடச்சுட்டு அழுதாளாம்லா?"

என் மாமியார், அத்தை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க மில்லில் நூல் சுற்றி இரண்டு பையன்களை வளர்த்தவர். யாரையும் ஒரு சொல் சொல்லாதவர் என்று பேர். "நானா? நான் இவள அழ வைக்கேனா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். "மதினி, அந்தச் சவத்த ஆத்துல தூக்கிப் போடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கொழுந்தன் சாப்பிடாமல் எழுந்து போனார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நாங்கள் சொன்னது ஒரே ஒரு உண்மை. அதை ஒருத்தரும் நம்பவில்லை. "மவுத்தார்கனா? நல்லா இருக்கே கதை" என்றார் அண்ணாச்சி. அத்தை போனைப் பிடுங்கி, "அவியள நேர்ல வரச் சொல்லுங்க அண்ணாச்சி. வந்து காதால கேக்கட்டும்" என்றார்.

பெண்ணின் பெரியம்மாவும் தாய்மாமனும் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பாதித் தெரு நின்றது. நான் மவுத்தார்கனை எடுத்தேன். பயத்தில் தாடை இறுகிக் கிடந்தது. நாலாம் ஓட்டையில் இழுத்தேன். வந்தது பாருங்கள், குச்சி மாதிரி நேராக ஒரு சுரம்! இன்னொரு தடவை இழுத்தேன். இன்னும் நேராக வந்தது.

"இதுல அழுகை எங்கன இருக்கு? ரயில் கூவுத மாதிரில்லா இருக்கு" என்றார் தாய்மாமன்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, தெனமும் அந்த அழுகை அழுவியே, இன்னைக்கு என்ன வந்துச்சு? அழு! அழுன்னு சொல்லுதேம்லா!"

சம்பந்தி வீட்டார் முன்னால் மருமகளைப் பார்த்து ஒரு மாமியார் இப்படிக் கத்தினால் எப்படி இருக்கும்! எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் தாடை தளர்ந்தது. அதே மூச்சில் இழுத்தேன். சுரம் வளைந்து, விம்மி, இறங்கியது.

"அன்னா! இதேதான்! இந்த அழுகைதான்!" என்று ஜன்னலுக்கு வெளியே மதினி கூவினார். தாய்மாமன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தெருவும் சிரித்தது.

பெண்ணின் பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சத்தம் இதுலேருந்துதான் வருது, சரி. எங்க பிள்ளையும் இந்த வீட்டுக்கு வரப்போறவ, அதனால கேக்கேன். இவ நெசமாவே அழுதா ஒங்களுக்கு எப்படித் தெரியும்? வாசிக்கான்னுல்லா இருந்துருவிய?"

நானும் அதை யோசித்ததே இல்லை.

"தெரியும்" என்றார் அத்தை. குரல் இப்போது தணிந்திருந்தது. "மூணு மணியாச்சுன்னா இவ சத்தம் வந்துரும். போன ஆடியில ஒரு நாளு கதவு சாத்தியிருக்கு, சத்தமே இல்ல. காபியப் போட்டுக்கிட்டுப் போயிக் கதவைத் தட்டினேன்."

எனக்கு அந்த நாள் தெரியும். நாள் தள்ளிப்போய், ஆசை காட்டி, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆன நாள். தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு கிடந்தேன். கதவைத் திறந்து, "வாசிக்கப் போறேன் அத்தை" என்று சொல்லிக் காபியை வாங்கிக்கொண்டேன். அவர் நம்பிவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன்.

"அப்படியாம்மா?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணீர்தான் வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அத்தை முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

பெரியம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அத்தையிடம் கேட்டார். "பூ வைக்க என்னைக்கு வாறிய?"