கண்ணாடியில் பதிந்த விரல்கள்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த வேதகிரிக்குக் காலையில் முதல் வேலை, வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியை ஈரக் காகிதத்தால் துடைப்பது. தான் எடுத்தவற்றில் நல்லவை என்று தானே முடிவு செய்த படங்களை அதற்குள் மாட்டியிருந்தான். நடுவில் ஆதிலட்சுமியின் கல்யாணப் படம். சாலவாக்கத்து நிலக்காரர் தாமோதரனின் மகள் அவள். பட்டுக்கும் நகைக்கும் வேதகிரியே உட்கார்ந்து வண்ணம் தீட்டியிருந்தான். அதைப் பார்க்கத்தான் ஜனம் நிற்கிறது என்று எண்பத்திரண்டாம் வருஷம் வரைக்கும் மனுஷன் நம்பிக்கொண்டிருந்தான்.

நம்பிக்கையைக் கெடுத்தது அழுக்கு. துடைக்கத் துடைக்க ஒன்று உறைத்தது. நடுவில் கண்ணாடி பளிச்சென்று அப்படியே இருக்கிறது. கீழ் மூலையில்தான் சேற்று விரல், சுண்ணாம்பு விரல், மசால்வடை தின்ற விரல். அந்த மூலையில் இருந்தது சிட்டம்மாளின் படம்.

சிட்டம்மாள் சாலவாக்கத்தில் நடவு நடுகிறவள். தன்னை ஒரு போட்டோவில் பார்க்க ஆசைப்பட்டு வந்திருந்தாள்.

“இன்னாக்கா, செத்தா மாலை போடறதுக்கா?” என்று வேதகிரி சீண்டினான்.

“உசுரோட கீறப்ப பாக்கறதுக்குடா” என்று அவள் விரலை நீட்டிய நேரம், அவன் கை தவறிப் பட்டுக் கேமரா அதை எடுத்துக்கொண்டது. வாய் திறந்து, விரல் நீண்டு, கண்ணில் சிரிப்பும் கோபமும். பிலிம் வீணாகிவிட்டதே என்று நொந்துகொண்டு, விறைப்பாக வேறொன்று எடுத்துக் கொடுத்தனுப்பினான். வீணானதை, அவளைக் கேட்டுக்கொண்டு, காலியாக இருந்த மூலையில் மாட்டியிருந்தான்.

மூலை கைக்கு எட்டுகிறது, அதனால்தான் அழுக்கு என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டான். பார்த்துவிடலாம் என்று கல்யாணப் பெண்ணை மூலைக்கும் சிட்டம்மாளை நடுவுக்கும் மாற்றினான். மறுநாள் மூலை சுத்தமாக இருந்தது. அழுக்கு நடுவுக்கு ஏறிவிட்டது. “யாரையோ திட்டிக்கினு கீறா பாரு” என்று பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் கண்ணாடியில் விரல் வைத்துச் சிரிப்பது உள்ளே கேட்டது.

அன்று கடையைப் பாதி மூடிவிட்டுப் பழைய நெகட்டிவ்களையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அசையாதே, சிரிக்காதே, தாடையை இறக்கு. அவன் போட்ட அதட்டல்தான் எல்லா முகத்திலும் இருந்தது. இத்தனை பேரைக் கட்டையாக்கி வைத்திருக்கிறோமே என்று வேதகிரிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த வாரமே தாமோதரன் வந்து இறங்கினார். நெற்றியில் சந்தனம், விரலிலும் சந்தனம்.

“இன்னாடா இது? காலனிப் பொம்பளைய நடுவுல வெச்சிட்டு எம் பொண்ண மூலையில தள்ளிக்கீற? ரெண்டும் ஒரே பெட்டில இருக்கக் கூடாது. இவளக் கழட்டு” என்று சிட்டம்மாள் முகத்துக்கு நேரே கண்ணாடியை விரலால் குத்தினார். “நாளைக்கு வருவேன். அப்பவும் இருந்தா, தையில எங்க ஆளுங்க கல்யாணம் ஒண்ணுகூட உனுக்கு இல்ல.”

அந்தக் கல்யாணங்கள் இல்லாவிட்டால் ஸ்டுடியோ நிற்காது. வேதகிரியும் ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த அதே காலனிதான். கேமரா கழுத்தில் இருந்தால் தாமோதரன் வீட்டுக் கூடம் வரைக்கும் போகலாம், இல்லாவிட்டால் தெருவோடு சரி. சாயந்திரமே சைக்கிளை மிதித்துக்கொண்டு சிட்டம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னான்.

“உனக்குத் தொந்தரவு வரும்க்கா. கழட்டிடட்டா?”

சிட்டம்மாள் காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே அவன் சொன்னதைக் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

“இத்தினி வருசமா நட்டுக்கினு கீறப்ப எம் முதுவத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. மூஞ்சியும் கொஞ்சம் பாக்கட்டும். நீ கழட்டுன, அப்புறம் உன்னத்தான் திட்டுவேன்.”

மறுநாள் கண்ணாடியைத் துடைக்கும் முன்பே தாமோதரன் வந்துவிட்டார். வேதகிரி பெட்டியைத் திறந்தான். ஆதிலட்சுமியின் படத்தைக் கழற்றி, பழைய பேப்பரில் பதமாகச் சுற்றி நீட்டினான்.

“நீங்க சொன்னது சரிதாங்க. ஒரே பெட்டில வாணாம்.”

“யார்கிட்ட பேசிக்கினு கீறன்னு தெரியுதா?”

“தெரிஞ்சிதாங்க பேசறேன்.”

நீட்டிய பொட்டலத்தை அவன் இறக்கவில்லை. தாமோதரன் அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

சொன்னபடியே தையில் தாமோதரன் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வேதகிரி காலனிக் கல்யாணங்களுக்குப் போனான். “அசையாதே” என்ற வார்த்தையை விட்டுவிட்டு, “நீங்க பாட்டுக்குப் பேசிக்கினு இருங்க” என்று சொல்லி எடுத்தான். வருமானம் பாதிதான். ஸ்டுடியோ தள்ளாடியது, ஆனால் மூடவில்லை.

அதற்கெல்லாம் முன்பு, தாமோதரன் படத்தைப் பிடுங்கிக்கொண்டு போன மறுநாள் காலையிலும் அவன் ஈரக் காகிதத்தோடு பெட்டி முன்னால் நின்றான். சிட்டம்மாள் முகத்தின் மேல் சேற்று விரல்கள், சுண்ணாம்பு விரல்கள். அவற்றோடு ஒட்டி, பிரித்தெடுக்க முடியாமல், ஒரு சந்தன விரல். வேதகிரி சுற்றிலும் இருந்த கண்ணாடியைத் துடைத்தான். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனான்.