குணா அண்ணை உடைத்த எஞ்சின்

"குணா அண்ணைக்கு மேல எஞ்சின் விழுந்திட்டுது."

இன்று காலை போனில் இவ்வளவுதான் சொன்னார்கள். எஞ்சினைத் தூக்கின சங்கிலி அறுந்து, நேரே நெஞ்சில்... அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

ஆத்மா சாந்தியடையட்டும் என்றெல்லாம் எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த மனுசன் ஒருநாளும் சாந்தமாக இருந்ததில்லை.

தெரியாதவர்களுக்கு... மொன்ட்ரியால்-நோரில் ஒரு ட்ரக் கராஜில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். அவர் எஞ்சின் பூட்டுவார், நான் வயரிங்.

கிளைடர் கிட் என்று ஒன்று வரும். பறக்கிற சாமான் இல்லை. புத்தம் புது ட்ரக், கேபின் இருக்கும், சில்லு இருக்கும், எஞ்சின் மட்டும் இருக்காது. அடிபட்டு நொறுங்கின ஏதாவது ஒரு ட்ரக்கிலிருந்து நல்ல எஞ்சினாகப் பார்த்துக் கழற்றி அதற்குள் பூட்டுவோம்.

எங்கள் கராஜில் அதற்குப் பெயர் 'உயிர் குடுக்கிறது'. "உயிர் குடுத்தாச்சோ?" என்று முதலாளி வந்து வந்து கேட்பார்.

முதல் கிழமையே குணா அண்ணை எனக்கு ஸ்பானர் எறிந்தார். பாட்டுச் சத்தத்தைக் குறைத்தேனாம்! அது என் காதைத் தாண்டிப் போய்க் கண்ணாடியை உடைத்தது.

நான் அதே ஸ்பானரை எடுத்துத் திருப்பி எறிந்தேன். தோளில் பட்டது. தடவிக்கொண்டே, "குறி பரவாயில்லை தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து நாங்கள் கூட்டு.

பியர்பொன்ட்ஸில் அவர் வீட்டு பேஸ்மென்ட் முழுக்க மாடல் ட்ரக்குகள். அங்கேயும் அதே கதைதான். புது மாடல் கிட் வாங்குவார், அதோடு வந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, உடைந்த பழைய மாடலின் எஞ்சினைக் கழற்றி ஒட்டுவார். புகைக்குழாய் ஒரு மயிரிழை சரிந்தாலும் போதும், முழு ட்ரக்கும் சுவரில்தான்.

அவர் மனைவி சுகி அக்கா துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டே சொல்வார், "எங்களுக்குப் பிள்ளை பிறக்காதது அந்தப் பிள்ளை செய்த புண்ணியம்."

என் கணவர் நிமலன் போன விதம் உங்களில் பலருக்குத் தெரியும். பனிக்குள் ட்ரக் ஓட்டிப் போகும்போது சடாரென்று பிரேக் அடித்ததில், பின்னால் ஏற்றியிருந்த இரும்புக் குழாய்கள் கேபினைத் துளைத்துக்கொண்டு வந்தன. எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அந்த எஞ்சின்தான் ஒருநாள் எங்கள் கராஜில் வந்து இறங்கியது.

அதன் மூடியில், கரிக்குக் கீழே, மூன்று வெள்ளைக் கோடுகள். திருநீறு பூசினால் சூட்டில் நிற்குதில்லை என்று நிமலன் பெயின்டாலேயே இழுத்த குறி. இந்த நாட்டில் வேறு யார் செய்வார்கள் அந்த விசர் வேலையை? குணா அண்ணை துடைத்துப் பார்த்திருக்கிறார்.

முதலாளிக்கு முன்பே தெரியும். "அவளுக்குச் சொல்லாமல் உயிரைக் குடு" என்றாராம்.

நான் உள்ளே போகும்போது முதலாளி நிலத்தில் கிடந்தார், மூக்கால் இரத்தம். குணா அண்ணை சம்மட்டியால் அந்த எஞ்சினை அடித்துக்கொண்டிருந்தார்.

"ஆரின்ர உயிரடா? ஆரின்ர உயிரை எடுத்து ஆருக்குக் குடுக்கிறாய்? அந்தப் பிள்ளையின்ர கையாலயே வயரும் பூட்டுவிப்பியோ?"

இரும்பு லேசில் உடையுமா... கை கிழிந்து இரத்தம் வடிய வடிய அடித்தார். மூன்று குறி போட்ட மூடி துண்டு துண்டாகிக் கிடந்தது.

நான் நேரே போய் அவர் கன்னத்தைப் பொத்தி ஒரு அறை விட்டேன்.

"ஆரைக் கேட்டு உடைச்சனீங்கள்? அவரின்ர எண்டு மிஞ்சினது அது ஒண்டுதானே! அது ஓடியிருக்கும் அண்ணை... எங்கயாவது ஓடியிருக்கும்!"

சம்மட்டியைக் கீழே போட்டார். பொலிஸ் வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டது. விலங்கு போடும்போதும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அறைக்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போதும் கேட்க மாட்டேன். அவர் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

அவருக்கு வேலை போனது. கொஞ்ச நாளில் வேறொரு கராஜில் சேர்ந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லரேயில் என் வீட்டுக் கதவு இடிபட்டது. அந்த மனுசனுக்குத் தட்டத் தெரியாது.

கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. உள்ளே நிமலனின் ட்ரக், அதே சிவப்பு, அதே கதவுப் பிடி. முன்மூடியைத் தூக்கினால் உள்ளே ஒன்றுமில்லை.

"எஞ்சின் போடேல்லை தங்கச்சி. நீர் சொன்னாத்தான் போடுவன்."

"வேண்டாம் அண்ணை" என்றேன்.

"ஓம்" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் குத்தி வைத்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இப்போது சுகி அக்கா எனக்குப் போன் எடுத்தார். அழவில்லை.

"கராஜ்காரர் கேக்கினம், பிள்ளை. அவருக்கு மேல விழுந்த எஞ்சினுக்கு ஒண்டும் நடக்கேல்லையாம். அதைப் பூட்டட்டோ, விடட்டோ எண்டு என்னட்டைக் கேக்கினம். எனக்கு என்ன தெரியும்? ஓடியிருக்கும் எண்டு அண்டைக்குக் கத்தினது நீதானே, நீயே சொல்லு."

ஓடட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

"அண்ணையின்ர சம்மட்டி எங்க இருக்கு அக்கா?" என்றுதான் வந்தது.

சுகி அக்கா "பேஸ்மென்டில. வா, ரெண்டு பேருமாக் கராஜுக்குப் போவம்" என்றார்.

வெளிக்கிடுகிறேன்.

போயிட்டு வாங்கோ, குணா அண்ணை.